பின்னறையில் விட்ட மைக்

நான் ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவன். ஊர் தென்காசி, பிழைப்பு பெங்களூர். அடுத்தவர் ஆல்பங்களுக்கு வாசித்தே பாதி ஆயுள் போன பிறகு, என் பெயரில் ஒன்று வேண்டுமென்று குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோவாக்கினேன்.

சாவி கொடுக்கும்போது வீட்டுக்கார அண்ணாச்சி சொன்னார்: "பின்ரூம மட்டும் தொறந்துராதிய. அப்பா செத்த நட்சத்திரம் சரியில்ல, அடைப்பு. ஆறு மாசம் கழியணும்."

எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் வீட்டிலும் செத்தவர் படுத்திருந்த அறையை அடைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கட்டில் தவிர எதுவுமில்லாத அந்த அறையின் எதிரொலி மேல் எனக்கு ஆசை. கதவைத்தானே திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் பேசி, உடைந்த சன்னல் கண்ணாடி வழியாக ஒரு மைக்கை உள்ளே விட்டேன். வெளியே சாரல். தனியாகத்தான் வாசித்தேன்.

ஆல்பம் வந்ததும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், என்னை அல்ல. நான்காவது பாட்டில் நான் ஓய்ந்த இடங்களில் மரத்தைத் தட்டும் சத்தம் வரும். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. அதைப் பற்றியே பத்தி பத்தியாக எழுதினார்கள். மீதியெல்லாம் சுமார் ரகம் என்றார்கள்.

அது நான் வாசித்ததில்லை. எதிரொலி என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். பாராட்டை மறுக்கவுமில்லை. ஆனால் பொறாமை தின்றது. அதே தட்டலை மேடையில் வாசித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

அடுத்த சீசனுக்குப் போனபோது, அடைப்பு எடுத்திருந்த அந்த அறையிலேயே அண்ணாச்சிக்கு ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். நான்காவது பாட்டில் அவர் நிமிர்ந்தார்.

"இத எப்பம் பிடிச்சிய?"

மைக் விட்ட கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசில அப்பாவுக்குப் பேச்சு நின்னு போச்சு. தண்ணி வேணும்னா கட்டில இப்படித்தான் தட்டுவாவ. சில நேரம் கேட்டும் கேக்காத மாதிரி இருந்திருக்கோம்."

பாட்டை நிறுத்தப் போனேன், தடுத்தார். அடுக்களைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார். பாட்டின் அடுத்த ஓய்வு வந்தது. தட்டல் வரவில்லை.

பெங்களூர் திரும்பி, கையிலிருந்த எல்லாப் பிரதிகளையும் போட்டுக் கேட்டேன். நான்காவது பாட்டில் இப்போது நான் மட்டும்தான் வாசிக்கிறேன்.