மூன்று பேருக்கு அரிசி

எவர்சில்வர் டம்ளரில் அரிசியை அள்ளி, குவிந்து நிற்பதை அம்மா விரலால் வழித்துவிடும்போது எழும் சரசரப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னக் கணக்கு என்றாலே நான் நோட்டை மூடிவிடுவேன் என்பதால், நெய்வேலி நகரியத்து "குவார்ட்டர்ஸ்" அடுப்படியில் வைத்துத்தான் அம்மா அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கு அரை டம்ளர் அரிசி. அம்மா, அப்பா, நான், தம்பி என்று நாலு பேருக்கு இரண்டு டம்ளர். விருந்தாளி வந்தால் இரண்டரை. "எத்தினி பேருக்கு?" என்றுதான் பாடம் தொடங்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. சுரங்கத்தில் "ஃபர்ஸ்ட் ஷிப்ட்" வேலை மதியம் முடிந்ததும், முத்தாண்டிக்குப்பத்தில் தனியாக இருந்த அத்தையைப் பார்த்துவர வண்டியில் போன அப்பா, சாயங்காலமாகியும் திரும்பவில்லை. கரண்ட் இல்லை, போனும் போகவில்லை. வழியெல்லாம் முந்திரி மரங்கள் சாய்ந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். காற்று ஜன்னலை அறையும்போதெல்லாம் தம்பி என் பாவாடையை இறுக்கிப் பிடித்தான்.

அம்மா மெழுகுவத்தி ஏற்றி, அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"மூணு பேருக்கு எவ்ளோ போடணும், சொல்லு."

விடை உடனே தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று பேர் என்றால் அம்மா, நான், தம்பி. அப்பா வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, எங்களிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஒன்றரை என்று சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

"ரெண்டு டம்ளர்," என்றேன்.

"நாலு பேருக்குத்தான ரெண்டு? யோசிச்சு சொல்லு."

"ரெண்டுதாம்மா." அழுகை வந்துவிட்டது. "அப்பாவுக்கும் போடும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவையும் சேத்துதான்டி சொன்னேன். நீ, தம்பி, அப்பா. அவரு வந்துகினுதான் இருப்பாரு. எனக்குத்தான் ஒரு வாய் எறங்காது."

அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். டம்ளர் சாய்ந்திருப்பதுகூடத் தெரியாமல் பிடித்திருந்தாள்; அரிசி தரையில் சிந்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என் பயம் இன்னும் கூடியது.

சோறு ஆறிப்போன பிறகு அப்பா வந்தார். வண்டியை யார் வீட்டிலோ விட்டுவிட்டு, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். முழங்காலில் ரத்தம். அம்மா துண்டைக் கொடுத்துவிட்டு, அவர் தலை துவட்டி முடிக்கும்வரை சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஓய்வு பெற்றதும் பண்ருட்டிக்கு வந்துவிட்டோம். போன மாதம் நெய்வேலிப் பக்கம் போனபோது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையையே இடித்திருந்தார்கள். அடுப்படி இருந்த இடத்தைப் புதருக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மகளுக்கும் பின்னம் வரவில்லை. ரவையையும் சர்க்கரையையும் அளக்கவிட்டு நானும் அடுப்படியில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனை பேருக்கு என்று மட்டும் அவளிடம் கேட்பதில்லை.