பட்டம் எழுதிய சுவரில் இரண்டடி ஓட்டை

காற்று விற்கிற தொழிலில் இறங்குகிறவன் ஒன்றை மறக்கக் கூடாது: வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஏற்கெனவே இலவசமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்த சிறு நாளிதழ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் தச்சு வேலை செய்துவந்த செல்லப்பன் ஆசாரியோடு சேர்ந்துகொண்டேன். ஓட்டுக்கும் அதற்குக் கீழே அடித்த பலகைக்கும் நடுவில் ஓர் இருட்டு இடம் உண்டல்லவா, மச்சு, அதுதான் எங்கள் பிழைப்பு. வெயில் காலத்தில் அங்கே சூடு அடைந்து கிடக்கும், மழைக்காலத்தில் ஈரம். ஓட்டின் கீழ் விளிம்பில் சிறு திறப்புகள் வைத்துக் காற்றை உள்ளே விடவேண்டும். வீட்டின் இரு பக்கமும் நிற்கும் முக்கோணச் சுவர்களின் உச்சியில், சாய்ந்த மரச்சட்டங்கள் போட்ட திறப்பு வைத்து அதை வெளியே அனுப்பவேண்டும். இந்த மேல் திறப்பை எங்கள் பக்கம் அழி என்பார்கள். செல்லப்பன் அறுப்பார், நான் அளப்பேன், பேசுவேன். மே மாதத்து மதியம் ஓட்டு வீட்டில் சோறு தின்றுவிட்டுப் படுத்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நாமெல்லாம் ஒரே சட்டியில் வெந்தவர்கள்.

பழைய வீடுகள் எல்லாவற்றிலும் அழி இருந்ததுதான். கையில் கொஞ்சம் வசதி வந்ததும் அதைச் செங்கல் வைத்து அடைத்து, சிமென்ட் பூசி, அதன்மேல் பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கமாயிற்று. காற்றுக்கு வழி போனது. வீட்டுக்குப் பேர் கிடைத்தது.

பெயருக்குக் கீழே ஒரு இருமல்

கொல்லயிலில் ஜாண்ரோஸ் சார் வீட்டுக்கு எங்களை வரச்சொன்னது அவரில்லை, அவர் மனைவி எமிலி டீச்சர். இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். சார் தலைமையாசிரியராக, டீச்சர் டீச்சராகவே. டீச்சர் படுக்கும் அறையின் பலகை மேலே கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. இன்னொரு மழைக்காலம் அந்த அறையில் கிடந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாக்பூரில் இருக்கும் மகன் அம்மாவை அழைத்துப்போக ரயிலில் இடம் பார்க்கிறான். டீச்சருக்கு இந்தி தெரியாது, நாக்பூரில் ஒருவரையும் தெரியாது, இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமும் இல்லை. வீட்டில் இருந்தபடியே மூச்சு விட ஏதாவது வழி உண்டா என்று எங்களிடம் கேட்டார். ஜூன் தொடக்கத்தில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு ஏழு வாரம் இருந்தது.

மச்சில் ஏறிப் பார்த்தோம். பின் சுவரில் அழி வைக்கத் தடையில்லை. முன் சுவரில், பழைய அழி இருந்த இடத்தை அடைத்து, பெரிய சிமென்ட் எழுத்துகளில் ஆங்கிலத்தில் ஜே. ஜாண்ரோஸ் என்றும், அதன் கீழே பி.ஏ., பி.டி. என்றும் இருந்தது. அங்கேதான் இரண்டடி திறக்கவேண்டும் என்றேன். சார் முற்றத்தில் இறங்கி, சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டை போட உமக்கு எனக்க பேருதான் கெடச்சுதா ஓய்? நீரு வேலை செஞ்ச மூணு வீட்டைக் காட்டும், பெறகு பாக்கலாம்."

வெற்றியின் விளைவு

முதலில் அதியன்னூருக்கு அழைத்துப்போனேன். அங்கே சுகுமாரன் என்ற அலுவலக குமாஸ்தாவின் வீட்டில் நாங்கள் செய்த வேலை எனக்கே பெருமை தருவது. இருபுறமும் பலா மரத்து அழி, மரநாய் நுழையாமல் கம்பிவலை, கீழே காற்று வர ஒழுங்கான திறப்புகள். முடித்த அன்று மச்சில் தேங்காய் நாரைக் கொளுத்திக் காட்டியபோது புகை நேராக வெளியே போனதை அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள்.

ஜாண்ரோஸ் சார் ஏணியில் ஏறி மச்சுக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். உள்ளே தலை போக இடமில்லை. பாக்குச் சாக்கு, கொப்பரைச் சாக்கு, கழற்றி வைத்த தொட்டில், யாரோ போட்டியிட்ட தேர்தல் தட்டிகள் எல்லாம் அழியை ஒட்டி அடுக்கியிருந்ததில், அழி கடைசிச் சட்டம் வரை மறைந்திருந்தது. வீடு அடுப்பு போலக் கொதித்தது. என் முகத்தைப் பார்த்துச் சுகுமாரனே சமாதானம் சொன்னார்.

"ஈரமே ஏறாத நல்ல எடமாக்கும் சாரே, அதைச் சும்மா போட்டு வைக்க முடியுமா?"

புகைக்கும் மனைவிக்கும் நடுவில்

பாறசாலைக்கு உள்ளே, வேலப்பன் வீடு. அரை ஏக்கர் ரப்பர் உள்ளவர். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, அழுத்தி, ஷீட்டாக்கி, அதைச் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் உணக்குவது சிறு விவசாயிகளின் முறை. புகைக்கூடம் கட்ட வசதி இல்லாதவனுக்கு மனைவியின் அடுப்புதான் புகைக்கூடம். அவர் மனைவி ஓமனா கண் எரிந்து, இருமி, சண்டை போட்டு எங்களை வரவழைத்திருந்தார்.

நாங்கள் வைத்த அழி சொன்ன வேலையைச் செய்தது. புகை மேலே ஏறி, ஷீட்டைத் தொட்டும் தொடாமலும் வெளியே போய்விட்டது. ஷீட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஷீட் வாங்கும் கடைக்காரர் தரம் குறைத்தார். வேலப்பன் அன்றே பழைய சாக்கை நனைத்துச் சுருட்டி அழியில் அடைத்தார். நாங்கள் போனபோது சமையலறையில் ஆள் நிற்பது நிழல் போலத்தான் தெரிந்தது. வேலப்பன் ரப்பர் விலை பற்றி சாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓமனா டீ கொண்டுவந்து வைத்தார்.

"ரப்பருக்குப் புகை வேணும், எனக்குக் காத்து வேணும். ரெண்டுல ரப்பருக்குத்தான் சாரே வெல உண்டு."

குளிர் வருமென்ற காவல்

மூன்றாவது, திருப்புறத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் வீடு. அவரும் மச்சில் அழி வைத்துக்கொண்டவர்தான். பிறகு படுக்கை அறைக்கு ஏசி வாங்கினார். எங்கள் ஊரில் மின்சாரம் சாயங்காலம் ஆனால் பல்பின் கம்பி மட்டும் சிவக்கும் அளவுக்குத்தான் வரும். அதில் ஏசி ஓடாது. ஓடாத ஏசிக்காக ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, மச்சில் அழியின் மேல் பிளைவுட் அடித்திருந்தார். வீட்டார் எல்லோரும் வெளியே தென்னைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏசிக்கு மட்டும் உள்ளே பூப்போட்ட உறை போட்டிருந்தது.

அழியை எதற்கு மூடினீர்கள் என்று சார்தான் கேட்டார். கேட்ட குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் கவனிக்காமல் இல்லை.

"வோல்டேஜ் வாற அன்னைக்கு குளிரு எல்லாம் வெளிய போயிடக்கூடாதுல்லா சாரே?"

என் வீடு

திரும்பும் வழியில் பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினார். வெற்றி பெற்றவருக்குப் பேச்சு எதற்கு. உதயன்குளங்கரை தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உம்முடைய வீட்டில் எத்தனை அழி வைத்திருக்கிறீர்? நான் வாடகை வீட்டில் இருந்தேன். சுவரில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வந்து நிற்பார். மே மாதத்தில் நானும் மனைவியும் நனைந்த துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்போம். அதையெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் என் முகத்தில் பதிலைப் படித்துவிட்டார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர்.

"அப்போ உமக்கே வேண்டாத சாதனத்தையாக்கும் எனக்கு விக்க வந்திருக்கேரு."

எந்தப் பட்டத்தை விடுவது

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி ஆள் அனுப்பினார். நாக்பூரில் இருந்து ரயில் டிக்கெட் தபாலில் வந்துவிட்டது; மாத முடிவில் புறப்பட வேண்டும். பெட்டியைக்கூட யாரோ மச்சிலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். அதன் உள்துணியிலும் பூசணம்.

சார் ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார். பின் சுவரில் மட்டும் அழி வைப்பது. வைத்தோம். மச்சில் நாரைக் கொளுத்தினோம். புகை கொஞ்சம் நகர்ந்து, முன் சுவரில் பெயரின் பின்பக்கம் முட்டி, திரும்பி வந்து பலகை இடுக்கு வழியாக டீச்சரின் அறைக்குள் இறங்கியது. கீழே டீச்சருக்கு இருமல் தொடங்கி நிற்க வெகுநேரம் ஆயிற்று. சார் இரண்டாவது சமரசத்துக்கு வந்தார். முற்றத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, சுவரை நெடுநேரம் ஆராய்ந்தார். பெயரைத் தொடக்கூடாது. பி.ஏ. திருவனந்தபுரத்தில் தங்கிப் படித்தது, அதையும் தொடக்கூடாது. பி.டி. ஆசிரியர் வேலைக்காகப் படித்ததுதான்; அவசியமென்றால் அதை எடுத்துக்கொள்ளலாம். தியாகம் செய்கிறவரின் முகத்தோடு இதைச் சொன்னார். பி.டி. கீழ் வரியில் ஓரமாக இருக்கிறது, சூடும் ஈரமும் உச்சிக்குத்தான் போகும் என்று நான் விளக்கினேன். செல்லப்பன் அளவுகோலை மடக்கினார்.

"பி.டி.க்க எடத்துல ஒரு எலி போவும் சாரே. காத்து போவாது."

சுவரில் இல்லாத எழுத்து

எமிலி டீச்சர் வாசற்படியில் வந்து நின்றார். அவர் வாசலுக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. பேசுவதற்கு முன் இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொண்டார். சார் அவரை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார், வெயில் என்றார், நாக்பூரில் நல்ல ஆஸ்பத்திரி உண்டு என்றார். டீச்சர் படியிறங்கி முற்றத்துக்கு வந்தார். தலையை அண்ணாந்து, சுவரை மேலிருந்து கீழாக, ஒரு மாணவனின் நோட்டைப் பார்ப்பது போலப் படித்தார். பிறகு செல்லப்பனைப் பார்த்தார்.

"இதுல இவருக்க பேரு உண்டு, படிப்பு உண்டு. இந்த வீட்டுல போட்ட எனக்க சம்பளத்துக்கு ஒரு எழுத்தும் இல்ல. நீ ஏணியைச் சாத்து மக்கா."

மழை வந்த பிறகு

செல்லப்பன் சாத்தினார்.  ஜாண்ரோஸ் சார் உளிச் சத்தம் கேட்ட நேரமெல்லாம் கேட்டுக்கு வெளியே சாலையைப் பார்த்து நின்றார். பெயரில் பாதி இடிந்து இறங்கியது, பட்டங்கள் இரண்டும் தப்பித்தன. யாருக்கு உரியவை என்று தெரியாமல் அவை அந்தச் சுவரில் வெகுநாள் இருந்தன.

டிக்கெட்டை ரத்து செய்தார்களா, வீணாக விட்டார்களா தெரியாது. மழை பிடித்து மூன்று வாரம் கழித்து, சட்டங்களில் சாரல் அடிக்கிறதா என்று பார்க்கப் போனோம். டீச்சரின் இருமல் அடியோடு நின்றது என்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும், நிற்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். மேலே பலகையைத் துடைத்த இடத்தில் பூசணம் திரும்ப வரவில்லை. வெளியே மழை கொட்ட, அறைக்குள் கொடியில் போட்ட துணி உணங்கியிருந்தது. ஈர வாடைக்குப் பயந்து வருடக்கணக்காக முன்னறையில் படுத்துக்கொண்டிருந்த சாரின் கட்டில், இப்போது இந்த அறையில், சரியாகக் காற்று இறங்கும் இடத்தில் கிடந்தது. அதில் சார் நாளிதழை மார்பில் விரித்து, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். டீச்சரின் கட்டில் மூலைக்குப் போயிருந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை.

"காத்து வந்துது மக்கா, கூடவே இவரும் வந்துட்டாரு."

நான்கு வருடம் அந்தத் தொழிலில் கிடந்து நான் கற்றது, சூடான காற்று வழி விட்டால் தானே போய்விடும், வழியில் நிற்கிற மனிதருக்குத்தான் ஆசாரி வேண்டியிருக்கிறது என்பதே.