இரண்டாம் குட்டையின் எண்

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று வாரமும் எல்லாம் தெரிந்தவள் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே மூன்று இறால் குட்டைகள். குத்தகைக்கு எடுத்தவர் படாளத்துக்காரர், அதுவரை நெல் போட்டுக்கொண்டிருந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன தடவை நோய் வந்து மொத்த இறாலும் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் குட்டையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டியதுதான் என்று முதல் நாளே சொன்னார்.

நான் கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நோடு செய்கிறவள். நோடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, உள்ளே பேட்டரியும் ரேடியோவும், அடியில் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்க்கும் சென்சார். குட்டைக்கு ஒன்று மிதக்கும். அது அனுப்பும் எண் மோட்டார் ரூம் வழியாக அண்ணாவின் போனுக்குப் போகும். நாலுக்குக் கீழே இறங்கினால் போன் கத்தும். அவர் ஓடிப்போய்த் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டரைக் கூடுதலாகப் போடுவார்.

போட்ட அன்றே கோளாறு. மூன்றாம் குட்டையிலிருந்து எண்ணே வரவில்லை. இரண்டாம் குட்டையோ பேயாட்டம் ஆடியது.

“இன்னாமா இது? இப்ப ஆறுன்னுது, அடுத்த நிமிசம் மூணரைன்னுது. போன் கத்திகினே கீது. ஒரே பேஜாரு.”

“அது நாய்ஸ் அண்ணா. சென்சார்னா கொஞ்சம் உளறும்.”

வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். உள்ளுக்குள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மூன்றாவதற்கு பேட்டரி மாற்றினேன். ஆண்டெனாவைச் சவுக்குக் கம்பில் உயர்த்திக் கட்டினேன். விளக்கு சிமிட்டுகிறது, அனுப்பிவிட்டேன் என்கிறது, எங்கே போய்த் தொலைகிறது என்றுதான் தெரியவில்லை. உப்புக்காற்றைத் திட்டினேன், ஏரேட்டர் தெறிக்கவிடுகிற தண்ணீரைத் திட்டினேன்.

இரண்டாவதை அடக்குவது சுலபமாக இருந்தது. வந்த கடைசிப் பத்து எண்ணுக்கும் சராசரி எடுத்துக் காட்டு என்று நாலு வரி எழுதினேன். ஆட்டம் நின்றது. ஐந்து, ஐந்து, ஐந்து. அண்ணாவுக்கு நிம்மதி. எனக்குப் பெருமை வேறு, வெட்கக்கேடு.

பத்து நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. “ரெண்டாம் குட்ட போச்சும்மா. ஓரமெல்லாம் செத்துக் கெடக்குது.”

பஸ் பிடித்து ஓடினேன். திரை அப்போதும் நாலரை என்றது. நாலரையில் எப்படிச் சாகும்? கரையிலேயே உட்கார்ந்து இரண்டு நோடுகளையும் ஒவ்வொன்றாக லேப்டாப்பில் சொருகினேன். புரோகிராமைப் போடும்போது எந்தக் குட்டை என்ற எண்ணை நான்தான் கையால் மாற்ற வேண்டும். மூன்றாவதில் மாற்றவில்லை. அதுவும் இத்தனை நாளாகத் தன்னை இரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு கோளாறு என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, இருந்தது ஒன்றுதான். நன்றாக இருந்த குட்டையையும் மூச்சுத் திணறிய குட்டையையும் கூட்டி வகுத்து, பயமில்லை என்று அவருக்குக் காட்டியிருக்கிறேன்.

மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மூன்றாம் குட்டையைக் கையால் காட்டினார்.

“அதுல நம்பரே வரல. அதனால நானே போய்ப் போய்ப் பாத்துகினு இருந்தேன், அது பொழச்சிகிச்சி. ஆடிகினு இருந்த வரைக்கும் இதையும் அப்படித்தாம்மா பாத்தேன். நீதான் ஆட்டத்த நிறுத்திட்டியே.”