இரண்டு விரல் கம்பி

தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருப்பதால் மட்டும் வந்த பெயரல்ல அது. "இன்னிக்கு முகம் பளிச்சுன்னு இருக்கே" என்று யாராவது சொன்னால்கூட, இவள் எதற்காக இதைச் சொல்கிறாள் என்று அன்று மாலைவரை திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை சரியாக இருந்தாலும் சந்தேகம், குறைந்தாலும் சந்தேகம்.

அவள் செய்தது இதயத்துக்குள் விடும் குழாய். கதீட்டர் என்பார்கள். நூடுல்ஸ் பருமன்தான் இருக்கும். நுனியில் இதயத்தின் மின்துடிப்பைக் கேட்டுச் சொல்லும் பத்து உலோக வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்து, குழாயின் உள்ளே ஓட்டி, மறுமுனையில் கைப்பிடிக்குள் இருக்கும் இணைப்பில் இன்னொரு முறை பற்றவைக்க வேண்டும். ஒரு கம்பி விட்டால் ஒரு வளையம் ஊமை. டாக்டர் இதயத்துக்குள் நுனியை வளைத்துப் பார்க்கிற நேரத்தில் அந்த வளையம் வாய் திறக்காது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த குழாய் ஒன்றை அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பற்றவைப்பில் குறையில்லை. கம்பி மட்டும் விறைப்பாக இழுபட்டு அறுந்திருந்தது. குழாய் வளையும்போது உள்ளே இருக்கிற கம்பியும் நகர வேண்டாமா? நகர இடம் இல்லாவிட்டால் என்ன செய்யும்? அன்றிலிருந்து கைப்பிடிக்குள் ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரல் அகலத்துக்குத் தளர்த்தி விட்டுப் பற்றவைத்தாள். வேலைமுறைத் தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. தாளில் இல்லாததைச் செய்வது அங்கே பெரிய குற்றம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினோரு வருடத்தில் அவள் கைப்பட்ட குழாய் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருடம், கம்பிச் சுருள் கொடுக்கும் ஸ்டோர்காரர் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஒரு சுருள்ல நாப்பது குழாய் வருது. உனக்கு மட்டும் முப்பத்தெட்டுதான் வருது. மிச்சக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்வெட்டர் பின்றியாம்மா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

சரியாகப் பத்தாம் நாள் ஓர் இளம் இன்ஜினியர் கேமராவோடு வந்தான். அவள் தலைக்கு மேலே அதைப் பொருத்தினான்.

"அக்கா, நீங்க பாட்டுக்கு வேலை செய்யுங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க."

"ஏன் தம்பி, இருபத்தாறு பேர் இருக்கோம். எனக்கு மட்டும் எதுக்கு?"

"மேலேருந்து சொன்னாங்க அக்கா."

மேலேயிருந்து யார் சொன்னது, ஏன் சொன்னது என்று அவன் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கம்பித் திருடியைப் பிடிக்கத்தான் இந்தக் கண்ணி என்று முடிவுகட்டிவிட்டாள்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் கையைத்தானே படம் எடுக்கறான்? முகத்தை எடுத்தா அந்த கேமராதான் பயப்படணும்."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"உனக்கு எல்லாமே வழக்கு. திருடாதவளுக்கு என்ன பயம்?"

"திருடாதவங்கதான் இந்தக் காலத்துல மாட்டறாங்க."

கேமரா இருந்த பதினாறு நாளும் அவள் தாளில் உள்ளபடியே செய்தாள். ஒரு மயிரிழைகூடத் தளர்த்தவில்லை. கை தானாகத் தளர்த்தப் போகும். உதட்டைக் கடித்து இழுத்துப் பிடிப்பாள். அந்த நாட்களில் செய்த குழாய்களை மட்டும் தனித் தட்டில் வைத்து, மாலையில் அவன் கேமராவை அணைத்துவிட்டுப் போனபின் கைப்பிடியைத் திறந்து மறுபடி கம்பி மாற்றினாள். சுருளுக்கு நாற்பது என்ற கணக்குக் கெட்டதுதான். ஆனாலும் இழுத்துக் கட்டியதை அனுப்ப மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, கண்ணாடிப் பெட்டி போட்ட இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. கேமரா பார்க்கும், இயந்திரக் கை கம்பியைப் பிடிக்கும், லேசர் பற்றவைக்கும். அதன் கை நடுங்காது, கொட்டாவி விடாது. கண்ணாடி வழியே பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளையத்தைப் பிடிக்கும் கோணம் அவளுடையது. கம்பியை அரைச் சுற்று திருப்பி உள்ளே விடுவதும் அவளுடையதுதான். கைப்பிடிப் பக்கம் வந்ததும் அது கம்பியை விறைப்பாக இழுத்தது. அதுவும் அவளுடையதுதான், அந்தப் பதினாறு நாள் கேமரா பார்த்த கை.

முதல் அறுபது குழாய்களைச் சோதிக்கும் வேலை அவளுக்கே வந்தது. குழாயைச் சோதனைப் பெட்டியில் மாட்டி நுனியைப் பத்து முறை வளைக்க வேண்டும், வளையத்துக்கு ஒன்றாகப் பத்து விளக்கும் எரிய வேண்டும். அறுபதும் தேறின. சூப்பர்வைசர் அம்மா கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நாலு மணிக்குச் சரக்கு வண்டி.

"பத்து தடவை போதும்னு யார் சொன்னது?" என்றாள் அவள்.

"தாள் சொல்லுது. நீ ஆரம்பிக்காதே."

அவள் ஆரம்பித்துவிட்டாள். ஒரு குழாயை எடுத்துப் பதினொன்று, பன்னிரண்டு என்று வளைத்தாள். பதினேழாவது வளைப்பில் ஒன்பதாம் விளக்கு அணைந்தது. இன்னொன்றை எடுத்தாள். இருபத்தொன்றில் நாலாம் விளக்கு.

மணி இரண்டரை. வாயைத் திறந்தால் பதினோரு வருடக் குற்றம் வெளியே வரும். திறந்து சொன்ன பிறகு அந்த இயந்திரம் அதையும் கற்றுக்கொள்ளும். அப்புறம் இவள் எதற்கு? திறக்காவிட்டால் அறுபது குழாயும் யார் யாருடைய இதயத்துக்குள்ளோ போகும். கையெழுத்து இவளுடையதாக இருக்கும். பேனா மூடியை இரண்டு முறை திறந்து மூடினாள்.

"தம்பியைக் கூப்பிடுங்கம்மா. வண்டியையும் நிறுத்தச் சொல்லுங்க."

இன்ஜினியர் வந்தபோது இரண்டு கைப்பிடிகளைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்று இயந்திரம் செய்தது, வீணைத் தந்தி மாதிரி விறைப்பு. மற்றது அவள் போன வாரம் செய்தது. அதில் பத்துக் கம்பிகளும் மெத்தென்று வளைந்து கிடந்தன. இரண்டையும் சோதனைப் பெட்டியில் மாட்டி அவனையே வளைக்கச் சொன்னாள். அவளுடையது ஐம்பது தாண்டியும் பத்து விளக்கோடு எரிந்தது. தளர்த்தி விடுவதையும், எத்தனை வருடமாக அப்படிச் செய்கிறாள் என்பதையும் சொன்னாள்.

"பதினோரு வருஷமாவா?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"ஆமாம்மா."

இன்ஜினியர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வீடியோல ஏன் அக்கா இப்படிச் செய்யல?"

"கம்பித் திருடியைப் பிடிக்க வந்தீங்கன்னு நினைச்சேன்."

"திருடியா? உங்க குழாய் ஒண்ணுகூட திரும்பி வரல, அதனாலதான் உங்களை எடுக்கச் சொன்னாங்க."

"அதை அன்னிக்கே சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அறுபது குழாயும் 'அனுப்பாதே' என்ற சிவப்பு ஒட்டு வாங்கி அலமாரிக்குள் போயின.

மறுநாள் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றி முறையை மாற்றியதற்காக. மூன்று முறை படித்து, ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி, அவர்கள் அதைத் திருத்திக் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே கேமரா மறுபடி வந்தது.

"அக்கா, இந்தத் தடவை உங்க முறைப்படியே செய்யுங்க."

"முதல்ல தாள்ல ஏத்துங்க. இரண்டு விரல் தளர்வுன்னு. அச்சாகி வரட்டும், அப்புறம் கம்பியைத் தொடறேன்."

நாலு நாள் கழித்துத் தாள் வந்தது. 'முப்பத்தைந்து மில்லிமீட்டர்' என்று எழுதியிருந்தார்கள். அவள் ஸ்கேலை எடுத்துத் தன் இரண்டு விரலை அளந்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி அளந்தாள்.

"உங்க வேலை எங்கேயும் போகாது அக்கா," என்றான் அவன், கேமராவைத் திருகிக்கொண்டே. "மெஷின் செய்யறதைச் சோதிக்க ஆள் வேணுமே."

"அதையும் எழுதிக் கொடுங்க தம்பி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் எழுதித் தரவும் இல்லை. இருந்தாலும் அவள் முதல் கம்பியை எடுத்து, வளையத்தில் பற்றவைத்து, உள்ளே ஓட்டி, கைப்பிடிக்குள் இரண்டு விரல் அகலம் தளர்த்தி விட்டாள்.