வயரைப் பிடுங்கிய பிறகு

சதுரங்கப்பட்டினத்திலிருந்து அந்தப் படகுக்காரர் போன் செய்தபோதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடலின் ஆழத்தைக் காட்டும் எங்கள் பெட்டியில் எண் மாறாமல் நிற்கிறது என்றார். பெட்டியின் டிரைவர், அதாவது சென்சாரிடம் ஆழத்தைக் கேட்டு வாங்கித் திரைக்குக் கொடுக்கும் நிரல், நான் எழுதியது. உப்புத்தண்ணீர் புகுந்திருக்கும், உங்களுக்குச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மூன்று முறையும் சிடுசிடுத்துவிட்டு வைத்தேன்.

பிறகு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஆபீசுக்கு வந்து நின்றார். பெட்டியை நம்பி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதையே விட்டிருந்தாராம். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், என்று காட்டிய இடத்தில் மூன்றே பாகத்தில் பாறை. வலை கிழிந்து போனது. இன்னும் ஒன்பது படகுகளில் இதே பெட்டி இருக்கிறது, விடிந்தால் கடலுக்குப் போவார்கள் என்றார்.

நான் லேப்டாப்பை ஒரு வயரால் பெட்டியில் செருகி, சென்சாரை ஆபீஸ் சம்ப்புத் தண்ணீரில் இறக்கி ஏற்றினேன். எண் ஒழுங்காக மாறியது. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மேனேஜர் சிரித்தார். எனக்கு அது இனித்தது, மறைக்க மாட்டேன்.

"வயரப் புடுங்கிட்டு காட்டு," என்றார் படகுக்காரர். "என் படகுல லேப்டாப்பா கீது?"

பிடுங்கினேன். சென்சாரை எவ்வளவு தூக்கியும் எண் அசையவில்லை.

வயர் இருந்தால், ஒவ்வொரு முறையும் டிரைவர் லேப்டாப்புக்கு ஒரு வரி எழுதி அனுப்பும். அந்தச் சிறு தாமதத்தில் சென்சார் புது எண்ணைத் தயார் செய்துவிடும். வயர் இல்லாவிட்டால், தயாராகும் முன்பே கேட்டு, பழைய எண்ணையே வாங்கிக் காட்டும். சென்சார் தயாராகும்வரை டிரைவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. வயரைச் செருகாமல் ஒரு நாளும் சோதித்ததும் இல்லை.

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். சர்வீஸ் என்று சொல்லி இவர் பெட்டியை மட்டும் சரிசெய்து அனுப்பு, மற்றதை மெதுவாகப் பார்க்கலாம், வெளியே மூச்சு விடாதே என்றார். அந்த மேனேஜரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தலையாட்டினேன்.

சரிசெய்த பெட்டியைப் படகுக்காரரிடம் நீட்டினேன். மற்ற ஒன்பதும் இப்படித்தானா என்று கேட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வாயத் தொறக்க மாட்ட. நானே வூடு வூடா போயி சொல்லிக்கிறேன்."

பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்பது பேரின் போன் நம்பர்களும் என் டிராயரில் இருந்தன. நான் ஒருவரையும் அழைக்கவில்லை.