சாப்பிட்டு முடிக்கும் முன் எடுத்த தட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் பெண். அத்தனை பேருக்கும் சோறு போட்ட எனக்கு, போன வாரம் இங்கே சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் ஒரு கடையில் மரப்பலகையில் மீனை வைத்துக் கொடுத்தார்கள். பேத்தி மீராவுக்கு முதல் சம்பளம், அதற்கு விருந்து. இத்தனை பகட்டான கடையில் ஒரு தட்டுக்கூடவா இல்லை என்று பலகையைப் புரட்டிப் பார்த்தேன். "பாட்டி, இதான் இப்ப ஸ்டைல் லா. சும்மா சாப்பிடுங்க," என்றாள். சாப்பிட்டேன். ஆனால் முள்கரண்டியையும் கத்தியையும் ஆளுக்கொரு ஓரமாகத் தள்ளித்தான் வைத்தேன். ஏன் என்று கேட்டாள். அதைத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, மெதுவாகத்தான் வரும். ஊரில் இருப்பவர்களும் என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களும் பொறுத்துப் படிக்க வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் செம்பவாங் வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு வெள்ளைக்காரர்களின் கப்பல் தளத்தில் சாமான் கிடங்கில் வேலை. குடியிருந்த வீடும் வேலையோடு கொடுத்ததுதான். ஒரே துரைக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் இருந்தார். சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டாம் வருஷம், ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"துரை நம்ம ரெண்டு பேரையும் டவுன்ல பெரிய ஓட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பிரியம்தான்."

"பன்னண்டு வருசமா அந்தப் பிரியத்த எந்தக் கிடங்குல போட்டுப் பூட்டி வச்சிருந்தாராம்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கிடங்குக்குத் தலைவராக்கப் போகிறார்கள், அதற்குத்தான் விருந்து என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று காரணத்தைச் சொல்லித்தான் பந்திக்கு அழைப்பார்கள். காரணம் சொல்லாத விருந்துக்கு நான் அதுவரை போனதில்லை.

கடலைப் பார்த்த ஓட்டல். மேசை முழுக்க வெள்ளைத் துணி. கோட்டுப் போட்ட சீனர் ஒருவர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எதைத் திருடிவிடுவேன் என்று நிற்கிறாரோ என்று நான் என் பையை மடியில் வைத்துக்கொண்டேன். மீன் வந்தது. மேலே கஞ்சி போல வெள்ளையாக ஏதோ ஊற்றியிருந்தது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இவரோ ஒவ்வொரு வாய்க்கும் தலையை ஆட்டினார்.

துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "எந்த ஊருன்னு கேக்குறாரு," என்றார் இவர்.

"செம்பவாங்னு சொல்லுங்க."

இவர் சிரித்துவிட்டு வேறென்னவோ சொன்னார். மன்னார்குடி என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு கையை ஆட்டி ஆட்டி வயலையும் குளத்தையும் வரைந்தார். துரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னங்க அவ்வளவு விசாரணை?"

"ஊர்ல வீடு இருக்கா, போற ஆசை இருக்கான்னு அன்பா கேக்குறாருடி."

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிட ஓடவில்லை. கத்தியையும் முள்கரண்டியையும், அடுக்களையில் கரண்டிகளை வைப்பது போல ஒன்றாகச் சேர்த்துத் தட்டில் வைத்தேன். பின்னால் நின்றவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதி மீன் அப்படியே இருந்தது.

உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும் இலையை எடுப்பது பந்தியிலிருந்து எழுப்பி விடுவதற்குச் சமம். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே எடுக்குறாரு, நீங்களும் பாத்துக்கிட்டு இருக்கீங்க!" என்றேன்.

"கத்தாத. அப்படிச் சேத்து வச்சா போதும்னு அர்த்தமாம்."

பிறகு பாலும் முட்டையும் சேர்த்துக் கருக்கிய சர்க்கரை ஊற்றிய ஒரு பதார்த்தம் கிண்ணத்தில் வந்தது. வழித்துச் சாப்பிட்டேன். "நல்லாருக்கா?" என்று இவர் கேட்டார். "என்னவோ இருக்கு," என்றேன்.

திரும்பும் வழியில் பசி தாங்காமல் சிராங்கூன் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ராஜ விருந்து, ஜென்மத்துக்கும் போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் எனக்கு முன்னால் சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டார்.

"ராஜாவுக்கு ரெண்டாம் சாம்பார் எதுக்காம்?"

"நீ தனியாச் சாப்பிடக் கூடாதேன்னுதான்."

அங்கேயே சொன்னேன்: "அவரு நம்மள ஊருக்கு அனுப்பப் பாக்குறாரு. வேலையும் வீடும் அவங்க கையில. இந்த ஊருக் குடியுரிமைக்கு மனு போட்டுருவோங்க."

"தட்ட எடுத்ததுக்கா நாடு மாத்துவாங்க? உனக்குச் சோத்துலயும் சூதுதான். துரை கையப் புடிச்சுக் குலுக்குனாரு, பாத்தல்ல?"

மறுவாரம் பக்கத்து வீட்டு மேரியக்காவோடு போய் என் மனுவை மட்டும் கொடுத்தேன். என் பெயரை நானே எழுதினேன். அவருக்குப் பலமுறை சொன்னேன், கெஞ்சினேன், வரவில்லை. இரண்டு மாதத்தில் துரை சீமைக்குக் கப்பலேறினார். அடுத்த வருஷம் தளத்தையே மூடப் போவதாகச் செய்தி வந்தது. குடியுரிமை உள்ளவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இவரிடம் அது இல்லை, வேறு வேலை செய்ய அனுமதியும் கிடைக்கவில்லை. "கொஞ்ச நாள்தான், வந்துடறேன்," என்று சொல்லி மன்னார்குடிக்குப் போனார். பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கே படிக்கிறார்கள், நான் போகவில்லை. அவர் வரவேயில்லை, காகிதம்தான் வந்தது. அங்கேயே கண்ணை மூடினார்.

அந்தத் துரைக்கு அன்றைக்கே விஷயம் தெரியுமா, இல்லை புறப்படுமுன் பிரியத்தில்தான் கூப்பிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பிரியமாகவே இருக்கட்டும். நான் நம்பியிருந்தால் ஆறு பேரும் என்ன ஆகியிருப்பார்கள்?

வருஷா வருஷம் அவருடைய நாளில் சோறும் இரண்டு கிண்ணம் சாம்பாரும் வைத்துப் படைக்கிறேன். பக்கத்தில் அந்தச் சர்க்கரைப் பதார்த்தம், மீரா வாங்கி வருவாள். அது நன்றாகத்தான் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. மன்னார்குடியில் அவருடைய தம்பி வீட்டிலும் அதே நாளில் அவருக்கு இலை போடுகிறார்கள். எந்த இலைக்கு வருவாரோ. இங்கே வந்தால் இருக்கட்டும் என்று முள்கரண்டியையும் கத்தியையும் இலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகத் தள்ளித்தான் வைக்கிறேன். அவர் முடிக்குமுன் யாரும் எடுத்துவிடக் கூடாது.

மீரா, இங்க வாம்மா. நான் எழுதுனத ஒரு எழுத்து மாத்தாம வாசி, கேக்குறேன்.