எட்வர்ட் கழுவிய கால்

எட்வர்ட் எங்கள் தெருவுக்குள் நுழைவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி லாரி லாரியாய் டயர் வரும். உலையில் அடைத்து மூடி நெருப்பு வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் வழியும், கரித்தூள் அடியில் தங்கும். எண்ணெய் வேறு கம்பெனிகளின் அடுப்புக்குப் போகும். கரியை வாரிக் கொட்டுவது எட்வர்ட்.

எங்கள் மாதா கோயிலில் அவர் எப்போதும் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பார். செருப்பைக் கழற்றினால் கால் தெரியும் அல்லவா? குதிகால் வெடிப்பில் கரி ஏறிக் கறுப்புக் கோடு கோடாய் இருக்கும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கவும் எல்லோரும் போன பிறகுதான் வருவார்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கோயில் உபதேசியார் அந்தோணி வீடு தேடி வந்தார்.

"எட்வர்டு, பெரிய வியாழனுக்குப் பன்னெண்டு பேர்ல நீயும் ஒக்காரணும். சாமியாரே உன் பேரச் சொல்லிட்டாரு."

ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல அன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உட்காரப் போகிறவர்கள் வீட்டிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலை அங்கே யாரும் நீட்டியதில்லை.

"இந்தக் காலுக்கா முத்தம் குடுப்பாரு?" என்றார் எட்வர்ட்.

"குடுக்கட்டுமே. இத்தினி வருசமா நான் பாத்துக்கினு இல்ல?" என்றாள் மனைவி மோனிகா.

"நீ பாப்ப. அவரு வாய வெக்கணுமே, மோனி."

கம்பெனியில் வேலை விட்டதும் எல்லோரும் டீசலில் துணியை நனைத்துத் துடைத்த பிறகுதான் சோப்பு போடுவார்கள். எட்வர்ட் வாளியில் டீசல் ஊற்றிக் காலையே உள்ளே வைத்துக்கொண்டார். கூட வேலை செய்கிற ஏழுமலை விடுவானா?

"இன்னா மச்சான், ரெண்டாங் கல்யாணமா?"

"கோயில்ல கால் கழுவுறாங்கடா."

"அவங்க கழுவறதுக்கு நீ இன்னாத்துக்குக் கழுவுற?"

எட்வர்ட் குனிந்து குதிகாலைத் தேய்த்தார். ஏழுமலை பக்கத்தில் குந்திக்கொண்டான். "டயரு, டீசலு, தாரு, உன் பொண்டாட்டி ஒதட்டுல தடவுற வாசலின், உங்க கோயில்ல ஏத்துற மெழுகுவத்தி வரைக்கும் எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்களாம். பூமிக்கடியில ஒரே எண்ணெயாம். சூப்பர்வைசர் சொன்னாரு."

எட்வர்டுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "மெழுகுவத்தி பீடத்துக்கே போவுது. நான் படிக்கட்டு வரைக்குமாவது போவ மாட்டனா?"

டீசலுக்குக் கரி அசையவில்லை. மண்ணெண்ணெய் போட்டார், செங்கல்லால் தேய்த்தார். பெரிய வியாழன் வருகிற பரிசுத்த வாரம் பிறந்ததும் பெயிண்ட் கரைக்கிற தின்னரை வாங்கி வந்து, வெட்டின பிளாஸ்டிக் கேனில் ஊற்றி அதில் வலது காலை வைத்து நின்றார். வேறு யாராக இருந்தாலும் எரிச்சலில் துள்ளியிருப்பார்கள். எட்வர்ட் சர்க்கரை வியாதிக்காரர். காலில் உணர்ச்சி செத்து நாளாகியிருந்தது. ஒரு ஜெபமாலை சொல்லி முடியும்வரை நின்றார்.

கரி வெளுத்தது. "பாரு மோனி, பொறந்த புள்ள காலாட்டம் கீது!" என்று காட்டிக் காட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. வாசலினை அப்பிக் காலுறையை மாட்டிக்கொண்டு படுத்தார். காலையில் மோனிகா வலது காலுறையை இழுத்தபோது தோலும் கூடவே வந்தது.

"ஆஸ்பத்திரி போலாம் வாய்யா."

"வியாழன் போவட்டும்."

வியாழக்கிழமை காய்ச்சலில் அவருக்கு நினைவு தப்பியது. கூட்டிப்போக வந்த அந்தோணிதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கோயிலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பூசை தொடங்கிவிட்டதால், இன்னொரு கம்பெனியில் டூட்டி முடித்து நேரே வந்து வாசலில் நின்ற எங்கள் தெரு ஜோசப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வழித்தூசியும் கம்பெனி அழுக்குமாக இருந்த காலை அவர் கூசிக்கூசி நீட்டினார். சாமியார் அந்தக் காலைத்தான் வெகுநேரம் கழுவினார். பிறகு குனிந்து முத்தமிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, இதை எட்வர்டுக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து ஏழுமலை மட்டும் வந்து போனான். அவனும் வாசலில் நின்று அழுதுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

இந்தத் தவக்காலத்தில் அந்தோணி மறுபடியும் வந்தார். "ஒரு காலு இருந்தா போதும்பா. நாங்க தூக்கிக்கினு போறோம்."

எட்வர்ட் வேண்டாம் என்று தலையசைத்தார். வேலைக்குப் போகாததால் மிச்சமிருக்கிற காலில் கரி தானாகவே உதிர்ந்துவிட்டது. குதிகால் வெளேரென்று இருந்தது. அந்தோணியின் பார்வை அங்கே போனதைக் கண்டு, போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.